வடக்கு வேலியோரத்து வெள்ளைச் செடி

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை 8.40க்கு ஒசாகாவில் இறங்கினேன். மாப்பிள்ளை வைகுண்டராஜன் வந்து நின்றார். அங்கிருந்து இரண்டு ரயில், ஒரு பஸ். நாராவுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் சிறிய ஊர். மூன்று மணி நேரப் பயணத்தில் அவர் பேசியது பத்து வாக்கியம் இருக்கும். அதில் நான்கு, "பயப்பட ஒண்ணும் இல்ல மாமா."

நிலவரம்: என் மகள் மங்கையர்க்கரசிக்கு இன்று 28 வாரம் 4 நாள். கருப்பை வாய் நேரத்துக்கு முன்பே இளகிவிட்டது. மார்ச் 27 முதல் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. வலி கண்டுவிடாமல் இருக்க இடைவிடாமல் டிரிப் ஏறுகிறது. கழிப்பறைக்கு மட்டும் எழுந்து போகலாம். குறைந்தது 34 வாரமாவது தாங்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்குள் குழந்தையின் நுரையீரல் தேறிவிடுமாம். 34 வாரம் நிறைவது மே 17. இன்னும் 38 நாள்.

சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. என் மனைவி பேச்சி இருந்திருந்தால் பேச்சி வந்திருப்பாள். அவள் போய் நான்கு வருஷம். எனவே நான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை ஒரு தாளைக் கொடுத்தார். எந்தக் கிழமை எந்தக் குப்பையைப் போட வேண்டும் என்ற பட்டியல்.

ஏப்ரல் 10, புதன்

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் பிற்பகல் 2 முதல் 2.30 வரை. ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. மாப்பிள்ளைக்கு அது வேலை நேரம். சனி, ஞாயிறு அவர், மற்ற நாள் நான் என்று ஏற்பாடு.

"யப்பா, மெலிஞ்சிட்டிய."

"நீ படுத்துக்கிட்டுப் பாக்க. அதான் அப்படித் தெரியுது."

"சட்டைப்பையில எதுக்கு ரெண்டு பேனா?"

"ஒண்ணு எழுதலேன்னா?"

"ரிட்டயர் ஆகி எட்டு வருசம் ஆச்சுப்பா."

தூத்துக்குடியில் முப்பத்துநான்கு வருஷம் நிருபராக இருந்தவனின் சட்டைப்பை அப்படித்தான் இருக்கும்.

மருந்தினால் அவளுக்குக் கை நடுங்குகிறது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்புகிறது. போனில் படிக்க முடியவில்லை. பகல் பொழுது போகவில்லை என்றாள்.

"நம்ம வீட்டுலேர்ந்து பன்னெண்டு நிமிசம் நடந்தா ஒரு கோயில் இருக்குப்பா. பியோனிப் பூவுக்குப் பேர்போன தோட்டம். இந்த மாசந்தான் பூக்கும். நீங்க காலையில போய்ப் பாத்துட்டு, எழுதிட்டு வந்து எனக்கு வாசிங்க."

"போட்டோ எடுத்துட்டு வாரேன்."

"போட்டோ வேண்டாம். பாத்தா எனக்கும் போகணும்னு வரும். நீங்க எழுதிட்டு வாங்க." பிறகு, கிளம்பும் நேரத்தில்: "வடக்கால, மூங்கில் வேலி ஓரமா ஒரு வெள்ளைச் செடி நிக்கும். எல்லாத்துக்கும் கடைசியாத்தான் பூக்கும். அது என்ன செய்யுதுன்னு மட்டும் விடாம சொல்லிரணும்."

மாலையில் அவள் கேட்ட நகவெட்டியைத் தேடி அலமாரியைத் திறந்தேன். பேச்சியின் பித்தளை மைச்சிமிழ் இருந்தது. விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து அவளே செய்த மை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அரசி இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

முதல் அறிக்கை வாசித்தேன். முழுதாக இங்கே எடுத்தெழுதுகிறேன்:

"கோயிலுக்கு ஏற 118 படிகள். செடிகள் சுமார் 2,000. வகைகள் 140 என்று பலகை சொல்கிறது. செடி இடுப்பளவு உயரம். இன்று பூத்திருந்தவை 9. அனைத்தும் சிவப்பு. வெள்ளைச் செடி வடக்கு வேலியோரம் உள்ளது. மொட்டு மூன்று. பூக்கவில்லை. அதன் பின்னால் முழங்காலுக்கும் கீழான உயரத்தில் சிறு கல் பொம்மைகள், வரிசையாக. எண்ணிக்கை 64. கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் புள்ளி போட்ட துணி."

அரசி சிரித்தாள். "ஏம்ப்பா, இது என்ன முனிசிபாலிட்டி கூட்டமா?" உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதிய. இறுகுது."

பயந்துபோய் எழுந்துவிட்டேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"சிவப்புன்னா என்ன சிவப்பு?"

நாளை பார்க்க வேண்டும்: என்ன சிவப்பு.

ஏப்ரல் 12, வெள்ளி

29 வாரம். இனி வெள்ளிதோறும் ஒரு வாரம் கூடும்.

சிவப்பு: பீட்ரூட் வெட்டிய கத்தியைக் குழாயடியில் காட்டும்போது முதலில் ஓடும் தண்ணீரின் நிறம். அரசி ஒப்புக்கொண்டாள்.

ஏப்ரல் 13, சனி

நேற்று அரைத்த இட்லி மாவு பொங்கவில்லை. காலையில் வெளியே 9 டிகிரி. பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் அருகே வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாப்பிள்ளை கொஞ்ச நேரம் எதையோ தேடினார். "மாமா, என் போர்வையப் பாத்தியளா?"

மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். எனவே போர்வை விஷயம் அத்தோடு முடிந்தது.

"தோட்டம் நல்லா இருக்கா மாமா?"

"நீங்க போனதில்லையா? இந்தா இருக்கு."

"போன வருசம் இதே சமயம் போறதா இருந்துச்சு. அப்புறம்…"

"அப்புறம்?"

"வேலை வந்துருச்சு."

கழுவிய தட்டை மறுபடியும் கழுவினார்.

ஏப்ரல் 15, திங்கள்

குப்பைப் பை திரும்பி வந்தது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். எண்ணெய் டப்பாவைத் தவறான கிழமையில் போட்டுவிட்டேன்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் இன்று என்னைப் பார்த்துத் தலைதாழ்த்தினார். பெயர் தெரானிஷி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நீல ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கத்தரி. மழை வரும்போல் இருந்ததால் பூத்த செடி ஒவ்வொன்றின் பக்கத்திலும் காகிதக் குடை ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். பூவுக்குக் குடை பிடிப்பதை இன்றுதான் பார்க்கிறேன். ஒரு குடையின் கீழே குனிந்து பார்த்தேன். வெளிச்சம் காகிதத்தில் வடிகட்டி, பூவின் மேல் மோர் நிறத்தில் விழுந்தது. இதழ்கள் பட்டுப் போலவெல்லாம் இல்லை. நன்றாகத் துவைத்துப் பிழிந்து, இன்னும் உதறாத வாயில் சேலை போல இருக்கின்றன.

இதை வாசித்தபோது அரசி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நிறுத்தினேன். "வாசிங்க" என்றாள்.

அவள் கட்டிலில் தொங்கும் அட்டையில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. எண்கள் மட்டும் எனக்குப் புரியும். வயது 33. வாரம் 29. அதற்குக் கீழே 2 என்று எழுதி வட்டமிட்டிருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அது பெட் நம்பர் மாமா" என்றார்.

அரசியின் கட்டில் எண் 3.

ஏப்ரல் 18, வியாழன்

தோட்டம் பாதிக்கு மேல் பூத்துவிட்டது. இன்று ஒரே பூவின் முன்னால் நாற்பது நிமிஷம் நின்றேன். ரோஸ் நிறம், இரு கை சேர்த்து ஏந்தினால்தான் கொள்ளும் அளவு. காலை 8.10க்குப் பொத்தியிருந்தது. 8.50க்கு உள்ளே மஞ்சள் தெரிந்தது. அசைவதைப் பார்க்க முடியவில்லை. அசைந்திருப்பதை மட்டும் பார்க்கலாம்.

அரசி அறிக்கையை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முடிந்ததும், "இன்னைக்கு என்ன தேதிப்பா?" என்றாள்.

"பதினெட்டு."

"ம்."

வெள்ளை: மொட்டு கோலிக்குண்டு அளவு.

கண்ணில் எரிச்சல். இங்கே ஏப்ரலில் மரங்களின் மகரந்தம் அதிகம் என்கிறார்கள். மருந்துக்கடையில் மாஸ்க் வாங்கினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலை 6.20க்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். வலி கண்டிருக்கிறது. மாப்பிள்ளை ஒரு காலில் சாக்ஸுடன் ஓடினார். நான் வீட்டில்.

10.05: மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

11.40: வலி தணிகிறது.

1.15: அடங்கிவிட்டது. 30 வாரம் 2 நாள்.

தரையெல்லாம் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 22, திங்கள்

அரசிக்குக் கை நடுக்கம் அதிகமாகியிருக்கிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடப்பு. அறிக்கையை எடுத்தேன். வேண்டாமென்று தலையசைத்தாள்.

"வெள்ளை மட்டும் சொல்லுங்க."

"நெல்லிக்காய் அளவுக்கு வந்திருக்கு. நுனியில லேசா வெள்ளை தெரியுது."

"அதுக்குப் பின்னால?"

"பின்னால என்ன?"

"ஒண்ணும் இல்லப்பா."

நர்ஸ் வந்தார். நான் வெளியே வந்தேன். லிஃப்டுக்கு நிற்காமல் ஆறு மாடி நடந்தே இறங்கினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலை 8.30. வெள்ளைச் செடிக்குப் பின்னால், கல் பொம்மைகளைத் தெரானிஷி அம்மாள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பலகை. பன்னிரண்டு நாளாக அதைக் கடந்து போயிருக்கிறேன். இன்றுதான் போனைக் காட்டி மொழிபெயர்த்தேன். பிறக்காமல் போன குழந்தைகளுக்காகத் தாய் தந்தையர் வைத்தவை.

இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது. மற்ற 63க்கும் கடையில் வாங்கிய சிவப்புத் துணி. இதற்கு மட்டும் அரக்கில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி. பேச்சியிடம் இதே நிறத்தில் ஒரு சேலை இருந்தது.

அந்தக் கல்லின் இடது கன்னத்தில் மங்கலாக ஒரு கறுப்புப் பொட்டு. தெரானிஷி அம்மாள் அதன்மேல் பிரஷ்ஷை வைத்து அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. எண்ணெய் மை கல்லில் ஊறியிருந்தது. மேலும் தேய்த்தார். கொஞ்சம் போயிற்று.

கல்லுக்குக் கண்ணேறு படக்கூடாது என்று கன்னத்தில் மை வைக்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

சிமிழில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்த மை. அட்டையில் 2, அதாவது இரண்டாவது கர்ப்பம். பதினெட்டாம் தேதி. மாப்பிள்ளையின் தட்டு. எல்லாம் என் கைக்குறிப்பிலேயே இருக்கிறது. 64 என்று எண்ணத் தெரிந்திருக்கிறது எனக்கு.

2 மணிக்கு வாசித்த அறிக்கையில் இது இல்லை. தகவல் அவளுடையது. அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

மழை. தோட்டத்துக்குப் போகவில்லை.

1988 ஐப்பசியில் பேச்சிக்கு ஏழாம் மாதத்தில் ஓர் ஆண் பிள்ளை பிறந்து ஒரு பகல் இருந்தது. நான் கடற்கரை ஊர் ஒன்றில் படகு விபத்துச் செய்திக்குப் போயிருந்தேன். இறந்த பதினோரு பேரின் பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு எழுதினேன். ஒன்றிலும் பிழை இல்லை என்று ஆசிரியர் பாராட்டினார். வீடு திரும்பியபோது நான்காம் நாள். மச்சான் கொண்டுபோய் அடக்கம் செய்திருந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்போது கேட்கக் கூடாது என்று பட்டது. அப்புறம் கேட்க நேரமில்லை. அப்புறம் கேட்க முடியவில்லை.

ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு வெள்ளிக்கிழமை பேச்சி பஸ் ஏறிப் போய்விட்டு மத்தியானம் திரும்புவாள். கோயிலுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன். எந்தக் கோயில் என்றும் கேட்டதில்லை.

மாவு இன்று நன்றாகப் பொங்கியிருந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

காலையில் மைச்சிமிழை எடுத்துக்கொண்டு போனேன். மழை எஞ்சியதையும் கழுவிவிட்டிருந்தது. கல் காயட்டும் என்று 9.20 வரை நின்றேன். கைக்குட்டையால் துடைத்து, மோதிர விரலால் இடது கன்னத்தில் வைத்தேன்.

நிமிர்ந்தால் தெரானிஷி அம்மாள், கையில் வாளி. போனை எடுத்துத் தமிழில் சொன்னேன்: "இது அழுக்கு இல்லம்மா. அழகான பிள்ளைய யாரும் கண்ணு வச்சிரக் கூடாதுன்னு எங்க ஊருல இப்படி ஒரு குறை வைப்போம்." அது ஜப்பானிய மொழியில் என்ன சொல்லிற்றோ, அவர் வாளியைக் கீழே வைத்தார். தம் போனில் பேசினார். தூர்தர்ஷன் செய்தி வாசிப்பவர் குரலில் தமிழ் வந்தது: "மன்னிக்கவும். ஒவ்வொரு மாதமும் நான் கழுவினேன். ஒவ்வொரு மாதமும் அது மீண்டும் வந்தது. நான் அதைப் பூஞ்சணம் என்று கருதினேன்."

பிறகு கல்லின் முன்னால் குனிந்து, அதனிடமும் ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்கவில்லை.

2 மணி. அறிக்கையின் கடைசிப் பத்தியை எடுத்தெழுதுகிறேன்:

"வெள்ளைச் செடியின் பெரிய மொட்டு எலுமிச்சை அளவு. நாலைந்து நாளில் விரியலாம். அதன் பின்னால், இரண்டாவது வரிசையில் மூன்றாவது பிள்ளை சௌக்கியம். மழையில் கன்னத்து மை அழிந்திருந்தது. புதிதாக வைத்தேன்."

அரசி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு மட்டும் மானிட்டரில் கேட்டது. நிமிஷத்துக்கு 148.

"பெருசா வச்சிரலியே?"

"கடுகளவு."

"அம்மா கடுகளவுதான் வெப்பா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 2.30 மணி அடித்தது.

ஏப்ரல் 26, வெள்ளி

31 வாரம்.

அரசி சொன்னாள். நான் எழுதிக்கொள்ளவில்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன்.

போன வருஷம் ஏப்ரல் 18. இருபத்தோராவது வாரம். பையன். "ஒங்ககிட்ட சொன்னா, நீங்க அங்க ஒத்தையில ஒக்காந்து என்ன செய்வியன்னு விட்டுட்டேன். அவுக அந்தக் கோயில் படிய மிதிக்க மாட்டாக. ஒரு தடவ பாதிப் படி வந்துட்டு இறங்கிட்டாக. நாந்தான் மாசாமாசம் போவேன். இந்த வருசம் வெள்ளை பூக்கையில யாரும் அங்க இருக்க மாட்டாகளேன்னு…"

"நான் இருக்கேம்லா."

"அதான் ஒங்கள அனுப்பினேன்."

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன். முப்பத்தாறு வருஷம் கழித்து. "அம்மா ஐப்பசியில எங்க போவா தெரியுமா?"

திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"என்னையும் கூட்டிட்டுத்தான்ப்பா போவா. ஒங்ககிட்ட சொன்னதில்லன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. மாமா ஊரு கண்மாய்க்கரையில, வாகை மரத்தடியில ஒரு கல்லு. 'அண்ணனப் பாத்துட்டு வருவோம்'பா. சிமிழு எப்பவும் இடுப்புலதான். இடது கன்னம்னு ஒரு பக்கத்தத் தொட்டு வெப்பா. கல்லுக்கு ஏதும்மா கன்னம்னு நான் கேப்பேன்."

"அதுக்கு என்ன சொல்லுவா?"

"'ஒனக்கு என்னளா தெரியும்'பா."

ஊருக்கு வந்ததும் காட்டுகிறேன் என்றாள். இவளும் குழந்தையும் நல்லபடியாக வந்த பிறகு என்று நான் சொன்னேன்.

இந்த மகரந்தம் மாஸ்க் போட்டாலும் நிற்கவில்லை.

மே 1, புதன்

எனக்குக் காய்ச்சல். 38.1. திங்கட்கிழமையிலிருந்து. காய்ச்சல் உள்ளவர்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு நல்லவேளையாக விடுமுறை வாரம், அவர் போகிறார். தோட்டத்துக்கும் போக முடியவில்லை. நேற்றும் இன்றும் மழை. இந்நேரம் வெள்ளை விரிந்திருக்கும். மழை மையைக் கழுவியிருக்கும்.

மே 2, வியாழன்

37.6. மாப்பிள்ளையிடம் சிமிழைக் கொடுத்துப் போகச் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் திருப்பி வைத்தேன். என் மருமகனுக்கு நான் ரசம் வைத்துக் கொடுக்கலாம். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

மே 3, வெள்ளி

32 வாரம். 36.8. டாக்டர் இன்னும் மூன்று நாள் பொறுக்கச் சொல்கிறார்.

மே 6, திங்கள்

காய்ச்சல் விட்டு மூன்று நாள். காலை 7.50க்கே போய்விட்டேன். 118 படிக்கு நான்கு இடத்தில் நின்றேன்.

வெள்ளை பூத்திருக்கிறது. மூன்றும். அரசிக்காக அங்கேயே நின்று எழுதியது: "கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் விழுந்த சோற்றின் வெள்ளை இல்லை. வேட்டி வெள்ளை இல்லை. பால் காயும்போது ஆடை படிவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் மேலே ஒன்றும் அசையாமல் இருக்குமே, அந்த வெள்ளை. நடுவில் மஞ்சள். கிட்டே போனால் வாசம் உண்டு. ரோஜாவில் கொஞ்சம் மிளகு சேர்த்தது போல. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. நீ பிறந்த மூன்றாம் நாள் உன் காதைத் தொட்டபோது இப்படித்தான் இருந்தது."

செடிக்கு ஒரு காகிதக் குடை. இன்னொரு குடை சற்றுத் தள்ளி, இரண்டாவது வரிசை மூன்றாவது கல்லுக்கு மேல். மற்ற 63க்கும் குடை இல்லை.

குனிந்து பார்த்தேன். இடது கன்னத்தில் பொட்டு. என் மை இல்லை. தூரிகையால் எழுதும் மை. பளபளப்பாக, பட்டாணி அளவுக்கு, கொஞ்சம் மூக்கோரமாக.

தெரானிஷி அம்மாள் தூரத்தில் பூக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, சரியா என்பதுபோலத் தலையைச் சாய்த்தார். சரி என்று தலையாட்டினேன்.

பிற்பகலில் இதைச் சொன்னபோது அரசி சிரித்தாள். "பட்டாணி அளவா? பிள்ளை மூஞ்சியே தெரியாதே!" வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

மே 10, வெள்ளி

33 வாரம். வெள்ளை உதிர்ந்துவிட்டது. ஒவ்வொரு இதழாக இல்லை. நேற்று முழுப்பூவாக நின்றது, இன்று காலை செடியடியில் மொத்தமாகக் கிடந்தது. விதை பிடித்தால் செடியின் பலம் போய்விடும் என்று காம்பை வெட்டிவிடுகிறார்கள். தெரானிஷி அம்மாள் மூன்று வெட்டுகளில் முடித்தார்.

இனி அறிக்கைக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "இலை எப்படி இருக்குன்னு எழுதுங்க" என்றாள் அரசி.

மே 14, செவ்வாய்

இலை: மூன்று விரலாகப் பிரிந்தது. பின்புறம் வெளிறிய பச்சை. வாசித்தேன். 33 வாரம் 4 நாள்.

மே 16, வியாழன்

காலை 5.50க்குப் பனிக்குடம் உடைந்தது. இனி நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். மாப்பிள்ளை உள்ளே போனார். எனக்கு நடையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

11.52: அழுகுரல். நேரத்தை நானே குறித்தேன்.

பெண். 1,986 கிராம். 34 வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. தானாக மூச்சு விடுகிறாள். தாய் நலம்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்கும் இந்த ஊர் மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை. மாஸ்க் போட்டிருந்தோம், இரண்டு பேரும், பயன் இல்லை.

மே 17, வெள்ளி

குழந்தையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை நீளக் கால்கள். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒன்று. இன்னும் மூன்று வாரமாவது உள்ளே இருக்க வேண்டும்.

அரசியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். டிரிப் இல்லை. கை நடுங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ கேட்டாள். நர்ஸ் வருத்தத்தோடு சிரித்து, கூடாது என்று தலையசைத்தார்.

"மை வைக்கக் கூடாதாம்ப்பா. வெளிய வார வரைக்கும் எதுவும் பூசக் கூடாதாம். இத்தன பேரு கண்ணாடி வழியா பாக்குறாக."

"நான் ஏற்பாடு பண்ணுதேன்."

"இங்க யார்ட்டயும் சண்ட போடாதிய."

"போடலை."

மே 18, சனி

காலை 9.15. தோட்டத்தில் பூ ஒன்றுகூட இல்லை. குடைகளை எடுத்துவிட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் இடமும் மூடியிருந்தது. படியேறும்போது பின்னால் காலடிச் சத்தம். மாப்பிள்ளை. பாதிப் படியில் நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடியும் கேட்டது.

இரண்டாவது வரிசை, மூன்றாவது. பழைய மையைத் துடைத்துவிட்டுக் கடுகளவு புதிதாக இடது கன்னத்தில் வைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த விதத்தில் தகவலைச் சொன்னேன்: "வியாழக்கிழமை காலை 11.52. பெண் குழந்தை. 1,986 கிராம். தாயும் சேயும் நலம்."

செய்தி அவ்வளவுதான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"ஒனக்குத் தங்கச்சிப்பா" என்றேன்.

சிமிழில் மறுபடி விரலைத் தொட்டேன். வலது கன்னத்திலும் ஒன்று வைத்தேன்.

"இது அவளுது. நீ வச்சிரு. வெளிய வந்ததும் வாங்கிக்கிடுதேன்."

எழுந்து சிமிழை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு குனிந்தார். நான் வெள்ளைச் செடிப் பக்கம் போய், இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.